குரங்கு உடைத்த கண்ணாடி

அக்டோபர் 30

காலையிலேயே திருப்பூரிலிருந்து சம்பந்தியம்மா ருக்மணி போன் செய்தார். நலம் விசாரித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். அதற்குப் பின்னால் ஏதோ வருகிறது என்று தெரிந்து நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன். நல்லதல்லாத விஷயத்தை நான் உட்கார்ந்து கேட்பதில்லை.

"ஏனுங்க சம்பந்தி, டிசம்பர் பத்தாந் தேதி கோகிலாவுக்கு வளைகாப்பு வெச்சிருக்கறோம். ஆனா பிரசவத்துக்கு அங்க கூட்டிட்டுப் போறதுன்னா... அவங்கம்மா இருந்தாச் சரிங்க. அந்த ஊட்டிக் குளிருக்குள்ள நீங்க ஒருத்தரா எப்படிங்க பாத்துக்குவீங்க? புள்ளத்தாச்சிக்கு ஒண்ணு ஆச்சுன்னா? பேசாம இங்கயே வெச்சுக்கலாமுங்க."

தலைப் பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நவம்பர் கடைசியில் தானே நேரில் வந்து அறையைப் பார்ப்பதாகச் சொன்னார். "கதகதன்னு இருந்தா அனுப்பறனுங்க. இல்லீன்னா நீங்க தப்பா நெனைக்கப்படாது."

வாருங்கள், வந்து பாருங்கள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். எந்த மூலையில் நின்றாலும் எங்கிருந்தோ காற்று வருகிறது. இது வீடு இல்லை, புல்லாங்குழல்.

சாயங்காலம் கோகிலாவே பேசினாள். "அவங்க சொல்றத விடுங்கப்பா. நான் அங்கதான் வருவேன். அம்மா கட்டில்லதான் படுப்பேன்." அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அக்டோபர் 31

மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். கசிவைக் கண்டுபிடிப்பது எனக்குப் பழகிய வேலை. ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோனேன். புகை வளைந்தால் அங்கே இடுக்கு இருக்கிறது என்று பொருள். சாக்பீஸால் குறி போட்டு வந்தேன். கடைசியில் வீடு முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

எல்லாவற்றிலும் மோசம் உள் அறை. கோகிலாவுக்கு அந்த அறைதான். அங்கே ஜன்னலுக்கு மேலே சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. கோகிலா தொட்டில் குழந்தையாக இருந்த வருடம் ஒரு குரங்கு அதை உடைத்துவிட்டது. பித்தளைச் சொம்பையும் உருட்டி நசுக்கிவிட்டுப் போனது. நான் இரவு டியூட்டி முடிந்து வந்தபோது என் மனைவி அமிர்தம் குழந்தையைப் போர்த்திக்கொண்டு வெளிவாசல் படியில், வெள்ளை வெளேரென்று கிடந்த பனிக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "குரங்குங்க" என்றாள். அவ்வளவு பயம்.

அந்தக் கண்ணாடியை மாற்ற அவள் கடைசிவரை விடவில்லை. தச்சர் காதர் பாயை நான் வரச்சொல்வேன், அவள் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். பகலில் அந்த ஓட்டையில் பழைய சேலைத் துணியைத் திணித்து வைப்பாள். குளிர்காலத்தில், குளிர் காய மூட்டிய கரிச்சட்டியை உள்ளே கொண்டுவரும் நேரம் பார்த்து அந்தத் துணியை உருவிவிடுவாள். சூட்டையும் கொண்டுவருவாளாம், குளிருக்கும் வழி விடுவாளாம். அதுவும் போதாதென்று படுக்கும்முன் சட்டியையே வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவாள். கரி மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். "காத்து வேணுங்க" என்பாள். ஊட்டியில் இருந்துகொண்டு காற்று வேண்டுமாம்! இதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை.

போன வருடம் ஆனியில் அவள் போய்விட்டாள். ஓட்டை இருக்கிறது.

நவம்பர் 3

மழை ஓய்ந்தது. வானம் இப்படித் துடைத்துவிட்டது போல் ஆனால் பனி வரப்போகிறது என்று அர்த்தம். எங்கள் தலைக்குந்தா பள்ளத்தில் இருப்பதால் ஊட்டி டவுனுக்கு முன்னால் இங்கே இறங்கிவிடும்.

தோட்டம் அமிர்தத்தின் இலாகா. போன குளிரில் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாதிச் செடி கருகிப் போயிற்று. இந்த முறை விடுவதாக இல்லை. டேலியாக் கிழங்குகளைத் தோண்டி மணலில் புதைத்து வைத்தேன். தண்ணீர்க் குழாய்க்குச் சாக்குச் சுற்றினேன். கூரைத் தகரத்தில் தளர்ந்த ஆணிகளை அடித்தேன். பக்கத்து வீட்டு ரெஜினா சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்குப் போகிறவர் கீழே நின்று கத்தினார்.

"அண்ணா, எறங்குங்க முதல்ல! விழுந்து வெச்சீங்கன்னா உங்களுக்கும் நான்தான் கட்டுப்போடணும், உங்க பொண்ணுக்கும் நான்தான் பிரசவம் பாக்கணும்."

இறங்கவில்லை. வேலை பாக்கி இருந்தது.

நவம்பர் 6

மருமகன் தீபன் போன குளிருக்கு வாங்கிக் கொடுத்த ரூம் ஹீட்டர் பெட்டியோடு பீரோ மேல் இருக்கிறது. "அத போடுங்க மாமா, எண்ணெய் ஹீட்டரு, ஒண்ணும் பண்ணாது" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? இத்தனை வருடம் மின்சாரத்தோடு குடும்பம் நடத்தியவன் நான், அதனால்தான் நம்புவதில்லை. சரியாகக் குளிர் ஏறும் நேரத்தில் ஊரே ஹீட்டர் போடும், வோல்டேஜ் இறங்கும், பிறகு ஒரேயடியாகப் போகும். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு நான் யாருக்குப் போன் போடுவேன்? என் மாதிரி ஒரு ஆளுக்கா?

கரியை நம்பலாம். மூட்டை வாங்கிப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 9

மிலார் வெட்டி வந்தேன். கோத்தகிரி மிலார் என்பது சின்ன இலைகள் நெருக்கமாக உள்ள ஒரு புதர். அதன் கிளைகளைச் சாயங்காலம் செடிகளின்மேல் குடிசை போலச் சாத்தி, காலையில் எடுத்துவிட வேண்டும். ஊட்டித் தோட்டங்களில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு இந்த எடுப்பதும் சாத்துவதும் பிடிக்கவில்லை. ரோஜாக்களுக்கு மட்டும் மிலார் போட்டேன். ஜெரேனியம் பாத்தியைக் கனமான பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, நான்கு பக்கமும் கல் வைத்து, ஓரத்தில் மண்ணும் அணைத்தேன். ஒரு பொட்டுப் பனி உள்ளே போகட்டும், பார்க்கலாம்.

நவம்பர் 10

வீட்டு ஜன்னல் சட்டங்களில், கண்ணாடி இடுக்கை அடைக்கும் மக்கு வைத்துப் பூசினேன். விரல் நகத்துக்குள்ளெல்லாம் மக்கு. சோறு தின்றால் அந்த வாசனைதான் வருகிறது.

நவம்பர் 14

இந்த வருடத்தின் முதல் பனி. விடிந்ததும் ஓடினேன். புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல் இருந்தது. வெயில் படுவதற்குமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும் என்று அமிர்தம் பூவாளியோடு அலைவாள், நானும் அலைந்தேன். மிலாருக்குள் ரோஜா நன்றாக இருக்கிறது.

பிளாஸ்டிக்கைத் தூக்கினேன். ஜெரேனியம் எல்லாம் அவித்த கீரை. உள்ளே வேர்த்து, கறுத்து, தொட்டால் கையோடு வருகிறது. அந்த வழியாக வந்த காதர் பாய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"மூச்சு முட்டிருச்சு சார். மிலார்னா சந்து இருக்கும்ல."

ஷீட்டின் தரம் சரியில்லை என்றேன்.

நவம்பர் 16

உள் அறை முக்கால்வாசி முடிந்தது. கூரைப் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்தாயிற்று. கதவுக்கு அடியில் வைக்க அமிர்தத்தின் சேலை ஒன்றை நீளமாகச் சுருட்டித் தைத்தேன். பச்சைச் சேலை, கோகிலா கல்யாணத்துக்கு மறுநாள் கட்டியது. வேறு சேலையை எடுத்திருக்கலாம். கையில் வந்தது இதுதான். மேல் ஓட்டையில் இப்போதைக்குத் துணிதான்; துணி என்றால் அவளைப் போலப் பேருக்கு அல்ல, திருப்புளியால் இறுக்கித் திணித்திருக்கிறேன்.

இன்றுமுதல் நானே அதில் படுத்துச் சோதிக்கப் போகிறேன். லைனைச் சோதிக்காமல் சப்ளை கொடுப்பது என் வழக்கமில்லை.

நவம்பர் 17

வெற்றி. வெளியே பனி, உள்ளே போர்வை தேவைப்படவில்லை. கரியை வெளியிலேயே நன்றாகக் கனியவைத்து, புகை சுத்தமாக அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுபோனேன். அமிர்தத்தைப் போல் பாதியில் வெளியே வைக்கவில்லை. சட்டி கட்டிலருகிலேயே இருந்தது.

காலையில் தலை பாரம். ராத்திரி அவரைக்காய் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 18

பியூஸ் உள் அறைக்கு வர மறுக்கிறது. பியூஸ் என்பது அமிர்தம் வளர்த்த பூனை. என் தொழிலைக் கிண்டல் செய்ய அந்தப் பெயர் வைத்தாள். இவ்வளவு இதமான அறையை விட்டுவிட்டுக் கூடத்தில் சாக்கின்மேல் நடுங்கிக்கொண்டு படுக்கிறது. வளர்த்தவளின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

இன்றும் தலைவலி. அவரைக்காய் தொடவே இல்லை.

நவம்பர் 20

தலைவலியும் குமட்டலும். எழுந்தவுடன் கால் பஞ்சு போல் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் இறங்கி மிலாரை எடுத்துப்போட்டுத் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் வேலை செய்தால் சரியாகிவிடுகிறது. உழைப்புதான் மருந்து. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து தின்றதில் உடம்பு கெட்டிருக்கிறது.

ரெஜினா சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை. பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது.

"ராத்திரி கரி கிரி உள்ள வெச்சுப் படுக்கறீங்களாண்ணா? போன சீசன்ல லாட்ஜுல அப்படிப் படுத்த டூரிஸ்ட் பசங்க ரெண்டு பேரு காலையில எந்திரிக்கவே இல்ல. எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தாங்க."

இல்லை என்றேன். அவர்கள் வெளியூர்ப் பையன்கள். பச்சைக் கரியைப் புகையப் புகைய உள்ளே வைத்திருப்பார்கள். என் சட்டியில் மருந்துக்குக்கூடப் புகை கிடையாது. இதை விளக்கப் போனால் அவர் கோகிலாவுக்குப் போன் போட்டுவிடுவார். கோகிலா சொன்னால் தீபனுக்குத் தெரியும், தீபனுக்குத் தெரிந்தால் ருக்மணியம்மாவுக்குத் தெரியும். பிறகு இத்தனை மக்கும் எதற்குப் பூசினேன்?

நவம்பர் 24

காதர் பாய் வந்து மேல் கண்ணாடியைப் போட்டுவிட்டார். எத்தனை வருடத்துப் பாக்கி! துணியை உருவி எறிந்துவிட்டு, அளவெடுத்து வெட்டிப் பொருத்தி, சுற்றிலும் மக்கு வைத்தார். போகும்போது, "அம்மா இருந்திருந்தா எனக்கு இந்நேரம் டீ குடுத்து அனுப்பிருப்பாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

அவர் போனபிறகு ஊதுபத்தியை வைத்துப் பார்த்தேன். புகை நேராக, நூல் பிடித்தது போல் மேலே போயிற்று. எங்கும் வளையவில்லை. ஜெயித்துவிட்டேன். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அறைக்குள்ளேயே இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 25

காலையில் விழித்தபோது நான் கட்டிலில் இல்லை. கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவே, நிலைப்படியின்மேல் குப்புறக் கிடந்தேன். கதவு திறந்திருந்தது. எப்போது எழுந்தேன், யார் தாழ்ப்பாளைத் திறந்தது, ஒன்றும் நினைவில்லை. பியூஸ் என் காதருகில் நின்று கத்திக்கொண்டிருந்தது. வெகு நேரமாகக் கத்தியிருக்க வேண்டும், குரல் கம்மிப் போயிருந்தது.

வாந்தி எடுத்தேன். மத்தியானம்வரை தரை ஆடியது.

வயசாகிறது, சர்க்கரை இறங்கியிருக்கும். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. தலைசுற்றி விழுகிற கிழவனை நம்பி யார் பெண்ணை அனுப்புவார்கள்?

இன்று கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். அறைச் சோதனை எப்படியும் முடிந்துவிட்டது.

நவம்பர் 29

ருக்மணியம்மாவும் தீபனும் காரில் வந்தார்கள். அம்மாளுக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, காதுக்குப் பஞ்சு. வந்தவுடன் மக்கு பூசிய ஜன்னல்களைத் தட்டிப் பார்த்தார், கதவடியில் சுருட்டிய சேலையைக் காலால் நகர்த்திப் பார்த்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் போல்தான் இருந்தது. நான் பின்னாலேயே அலைந்தேன்.

உள் அறையில் சட்டியை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் உட்காரச் சொன்னேன். தீபனோடு தோட்டத்துக்குப் போய் மிலாரைக் காட்டி, பேச்சு வளர்ந்து, திரும்பி வர நேரமாகிவிட்டது. உள்ளே போனால் சம்பந்தியம்மா சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. தீபன் இரண்டு தடவை உலுக்கிய பிறகுதான் எழுந்தார்.

"அடேயப்பா, எங்கூரு மாதிரியே இருக்குதுங்க. என்னமா தூக்கம் வந்துருச்சு பாருங்க!" எழுந்தவர் தள்ளாடிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "தலை கிண்ணுனு இருக்குது. இந்த மலைப் பாதையில வளைச்சு வளைச்சு வந்தது."

ஆமாம், புதிதாக வருபவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

சம்மதித்துவிட்டார். கார் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஆம்பளை இவ்வளவு பண்ணுவாங்கன்னு நான் நெனைக்கலீங்க" என்றார். சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். ஆனாலும் கார் திரும்பி மறைந்த பிறகு ஏனோ உள் அறைக் கதவை விரியத் திறந்து வைத்தேன். சூடு முழுக்க வீணாகப் போயிற்று.

டிசம்பர் 4

கைக்கு வேலை இல்லை. வேலியை மறுபடி கட்டினேன், நன்றாகத்தான் இருந்தது முன்பும். பித்தளைச் சொம்பின் நசுங்கலைத் தட்டி எடுக்கலாமென்று சுத்தியலோடு உட்கார்ந்தேன். குரங்கு உருட்டிவிட்டால் இப்படி ஒரே இடத்தில் உள்ளே போகுமா என்று தோன்றியது. பலமாகத்தான் எறிந்திருக்க வேண்டும். தட்டாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 7

உறைபனி. குழாயிலிருந்து தண்ணீர் வரவில்லை. ரோஜாக்கள் நலம்.

டிசம்பர் 10, திருப்பூர்

வளைகாப்பு. தாய்வீட்டுப் பக்கத்திலிருந்து முதல் வளையல் போட யார் இருக்கிறார்கள் என்று அங்கே ஒரு முணுமுணுப்பு. ரெஜினா சிஸ்டர் லீவு போட்டு என்னோடு வந்திருந்தார். "நான் இருக்கேன்ல" என்று பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனார். கோகிலாவின் கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய அடுக்கிவிட்டார். புளிசாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் இருந்தது, எனக்கு இறங்கவில்லை. பந்தலில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்துகொண்டிருந்தேன். கோகிலா அங்கிருந்தே கை காட்டினாள். வளையல் சத்தம் எனக்குக் கேட்டது.

டிசம்பர் 12

நேற்று நடந்ததை இன்று காலை எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை.

பிற்பகலில் வீடு வந்து சேர்ந்தோம். ரெஜினா சிஸ்டர் நேராக டியூட்டிக்குப் போய்விட்டார். கோகிலா கூடத்தில் உட்கார்ந்து பியூஸைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே நான் கொல்லையில் கரியைக் கனியவைத்து, உள் அறையில் கொண்டுபோய் வைத்து, வா வா வந்து பார் என்று கூப்பிட்டேன். இத்தனை நாள் உழைப்பை அவள் முகத்தில் பார்க்க வேண்டும் எனக்கு.

அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வயிற்றில் ஒரு கை இருந்தது.

"ப்பா, அத முதல்ல வெளிய கொண்டு போங்க."

"புகையே இல்லம்மா, பாரு."

"கொண்டு போங்கப்பா!" அவள் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. பிறகு மேலே பார்த்தாள். "அம்மாவோட ஓட்ட எங்க?"

"கண்ணாடி போட்டாச்சு. குரங்கு ஒடச்சது ஒடச்சபடியே எத்தன வருஷம் கெடந்துச்சு!"

"குரங்கு ஒடைக்கலப்பா."

சட்டியைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தேன். அவள் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

அவள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, நான் இரவு டியூட்டிக்குக் கிளம்புமுன் சட்டியைத் தொட்டிலுக்கடியில் தள்ளி வைத்து, ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்து, கதவைத் திறக்காதே, குழந்தைக்குக் காற்று படும் என்று சொல்லிவிட்டுப் போனேனாம். விடியும் நேரத்தில் அமிர்தம் விழித்திருக்கிறாள். தலை தூக்க முடியவில்லை. பாலுக்கு அழ வேண்டிய குழந்தை அழவில்லை. தொட்டால் துவண்டு விழுந்தது. கதவுவரை போகக் காலில் பலம் இல்லாமல், கைக்கு எட்டிய சொம்பை மேல் கண்ணாடியில் எறிந்திருக்கிறாள். காற்று வந்ததும் எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அங்கேதான் குழந்தை அழுததாம்.

"காலேஜ் லீவுல வந்தப்ப நான் ஒருநாள் சட்டிய உள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டேன். அம்மா வந்து பளார்னு அறைஞ்சா. அம்மா என்னை அடிச்சதே அந்த ஒரு தடவைதான். அப்புறம் அழுதுட்டே இதச் சொன்னா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அந்த மனுசன் ஏற்கனவே ஒரு எடத்துல உக்கார மாட்டாரு. இதையும் சொன்னா அப்புறம் தூங்கவே மாட்டாருன்னா."

நான் உள் அறைக்குப் போனேன். மக்கு இன்னும் முழுக்கக் காயவில்லை, கத்தியை விட்டு நெம்பினால் கண்ணாடி முழுசாகவே வந்திருக்கும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. அலமாரியிலிருந்து சொம்பை எடுத்து எறிந்தேன். முதல் தடவை குறி தப்பிச் சுவரில் பட்டது. இரண்டாவது தடவை உடைந்தது. சில்லென்று காற்று வந்து முகத்தில் அடித்தது. அங்கேயே நின்று மூச்சு வாங்கினேன். அழுதேன் என்றும் எழுதிவைக்கிறேன்.

கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளும்போது கோகிலா வந்து சொம்பை எடுத்துப் பார்த்தாள். இன்னொரு நசுங்கல் சேர்ந்திருக்கிறது.

டிசம்பர் 13

பீரோ மேலிருந்து ஹீட்டரை இறக்கினேன். மெயினிலிருந்து உள் அறைக்குத் தனி ஒயர் இழுத்து, எர்த் அடித்து, மறுபடி சோதித்து, மறுபடியும் சோதித்து முடித்தேன். பிரிவு அலுவலகத்துக்குப் போய் இப்போதைய லைன் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, தலைக்குந்தா பக்கம் சப்ளை போகும் என்றால் முன்கூட்டியே எனக்கு ஒரு போன் போடும்படி கேட்டுக்கொண்டேன். பணியில் இருந்தபோது அப்படிக் கேட்டு வந்தவர்களை நான் எப்படி விரட்டியிருக்கிறேன்! அந்தப் பையன் நல்லவன், சரிங்க சார் என்றான். கரி மூட்டையைக் காதர் பாய்க்குக் கொடுத்துவிட்டேன், கடை வாசலில் மூட்டிக் குளிர் காய.

கதவடியிலிருந்து பச்சைச் சேலையை எடுத்து, தையலைப் பிரித்து, துவைத்துப் போட்டேன்.

டிசம்பர் 14

பியூஸ் உள் அறையில், கட்டிலுக்கடியில் படுத்துத் தூங்கியது. எனக்குத் தலைவலி இல்லை.

எல்லாவற்றையும் ரெஜினா சிஸ்டரிடம் சொன்னேன். நிலைப்படியில் விழுந்து கிடந்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஜனவரி 19

பெண் குழந்தை. ரெஜினா சிஸ்டர்தான் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். என்ன குரல்! ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. அழட்டும், நன்றாக அழட்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு அங்கிருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஜனவரி 26

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு நான் நாள் முழுக்க உள் அறைக்கும் கூடத்துக்குமாக நடக்கிறேன். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். வருகிறது. திரும்பிப் போகிறேன். மறுபடி வருகிறேன். "ப்பா, அவளத் தூங்க விடுங்க" என்கிறாள் கோகிலா.

பிப்ரவரி 8

ருக்மணியம்மா பேத்தியைப் பார்க்க வந்தார். தங்கக் காப்பு, வசம்பு, கம்பளி எல்லாம் ஒரு பெட்டி நிறைய. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நெட்டி முறித்தார். பிறகு மேலே ஓட்டையைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, போன தடவ நான் வந்தப்ப அங்க புதுக் கண்ணாடி இருந்துச்சுங்களே! என்னாச்சுங்க?"

கோகிலா என்னைப் பார்த்தாள். நான் ருக்மணியம்மாவைப் பார்த்தேன். அதே கட்டிலில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று தீபன் உலுக்க இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு ஓடியது. சொன்னால் இந்த அம்மாள் இனி எந்த மூடிய அறையிலும் நிம்மதியாகக் கண் மூடமாட்டார்.

"குரங்குங்க" என்றேன்.

"அட கெரகமே! இங்க குரங்குத் தொந்தரவு அதிகமுங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க. வயசான குரங்கு. ஒரு எடத்துல உக்காராது."

கோகிலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை மடியில் நெளிந்து கொட்டாவி விட்டது. வெளியே வெயில் சாய்ந்துவிட்டது, ரோஜாக்களுக்கு மிலார் சாத்தும் நேரம். போக வேண்டும் என்று தெரிந்தும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் அருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.